ஏர் ஃப்ரையரில் ஃப்ரோசன் ஸ்நாக்ஸ் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வெஜ் கட்லெட் மேலே கருகி, நடுவில் ஐஸாக இருக்கிறது. சமோசா வெளுத்துப்போய்க் கடிக்கவே முடியவில்லை. ஃப்ரெஞ்சு ஃப்ரைஸ் துவண்டு கிடக்கிறது. எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு ஏர் ஃப்ரையர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வருகிற புகார்கள் திரும்பத் திரும்ப ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. காரணங்களும் அப்படித்தான். அதனால் அறிகுறிவாரியாகவே எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எது சரியாக வராவிட்டாலும் உடனே கை போவது சூட்டைக் கூட்டும் பட்டனுக்குத்தான். அங்கேதான் பாதி சிக்கல் ஆரம்பிக்கிறது. சூட்டில் கைவைப்பதற்கு முன்னால் பாக்கெட்டைப் பாருங்கள், அப்புறம் கூடையைப் பாருங்கள், அப்புறம் பிளக் பாயின்டைப் பாருங்கள். மெஷினைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்களை அதே வரிசையில், காசு செலவில்லாததிலிருந்து செலவு வைப்பது வரை சொல்லியிருக்கிறேன்.

## எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் இந்த மூன்று

பாக்கெட்டைக் குலுக்குங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் காதருகே வைத்துக் குலுக்கினால் கூழாங்கல் மாதிரி கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஒரே கட்டியாக 'தட்' என்று விழுந்தால், அது வழியிலோ கடையிலோ உங்கள் வீட்டிலோ ஒருமுறை உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. அப்படிப்பட்டதை என்ன செய்தாலும் மொறுமொறுப்பு வராது, சாப்பிடுவதும் பாதுகாப்பில்லை. வாங்கிய அன்றே கட்டியாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மின்தடையில் உருகியதா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்து உறையவிட்டு, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பாக்கெட்டில் மைனஸ் 18 டிகிரியில் வைக்கச் சொல்லியிருப்பார்கள். மேலே இருக்கும் அந்தச் சின்ன ஐஸ் பெட்டி பல வீடுகளில் அவ்வளவு குளிர்ச்சியைப் பிடிப்பதில்லை. மாதக்கணக்கில் சேர்த்துவைக்காமல் வாங்கிய சில நாளிலேயே தீர்த்துவிடுவது நல்லது.

பொரித்து உறையவைத்ததா, பச்சையாக உறையவைத்ததா என்று பாருங்கள். பெரிய கம்பெனிகளின் ஃப்ரைஸ், நக்கெட்ஸ், ஸ்மைலி, ஆலு டிக்கி போன்றவை பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே எண்ணெயில் ஒரு கொதி பொரித்துத்தான் வருகின்றன. அவற்றுக்குத் தனியாக எண்ணெய் தேவையில்லை. பக்கத்துத் தெரு ஹோம்மேட் கடையில் வாங்கும் சமோசா, ஸ்பிரிங் ரோல், நீங்களே செய்து ஃப்ரீசரில் அடுக்கிய கட்லெட் எல்லாம் பச்சை. அவற்றுக்கு எண்ணெய் தடவாமல் முடியாது. சந்தேகமாக இருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். பொரித்தது லேசாகப் பிசுபிசுக்கும், மஞ்சள் ஓடியிருக்கும். பச்சையானதில் மாவு வெள்ளையாக விரலில் ஒட்டும்.

கூடையின் அடித்தட்டைப் பாருங்கள். கழுவிக் கவிழ்த்த ஓட்டைத் தட்டைத் திரும்ப வைக்க மறப்பது நிறைய நடக்கிறது. தட்டு இருக்க வேண்டும், அதன் ஓட்டைகள் திறந்திருக்க வேண்டும்.

## அறிகுறி: வெளியே கருகல், உள்ளே குளிர்ச்சி

*கனமான பொருளுக்குச் சூடு அதிகம்.* இதுதான் முதல் சந்தேகம். தடித்த கட்லெட், பஞ்சாபி சமோசா, பனீர் அடைத்த ரோல் எல்லாவற்றையும் ஃப்ரைஸுக்கு வைக்கிற 200 டிகிரியிலேயே வைத்துவிடுகிறோம். கனமானதை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். 160 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், உள்ளே சூடு இறங்கட்டும். அப்புறம் 190 டிகிரியில் 4, 5 நிமிடம், மேலே சிவக்கட்டும். பாக்கெட்டில் ஓவன் நேரம் மட்டும் போட்டிருந்தால் சூட்டை 20 டிகிரி குறைத்து, நேரத்திலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து ஆரம்பிக்கலாம்.

*பொருள் மேலே இருக்கும் சூட்டுக் கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.* ஏர் ஃப்ரையரில் சூடு மேலிருந்துதான் இறங்குகிறது. சமோசாவை நிற்கவைத்தால் கூம்பு முனை மட்டும் கரி. படுக்கவைத்து, பாதியில் திருப்புங்கள். மூன்று லிட்டருக்கும் சின்ன மெஷினில் இது சீக்கிரமே தெரியும்.

*வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது?* மெல்லிய கத்தியின் நுனியைக் கட்லெட்டின் நடுவில் இறக்கி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து, எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சுள்ளென்று சுட வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் வேண்டும். குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ இருந்தால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 74 டிகிரி காட்டினால் போதும்.

'காய்கறிதானே, லேசாக வேகாவிட்டால் என்ன?' என்று விட்டுவிடாதீர்கள். 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் உறைந்த சோளத்தோடு தொடர்புள்ள லிஸ்டீரியா தொற்றில் 47 பேர் பாதிக்கப்பட்டு, 9 பேர் இறந்தார்கள். உறையவைப்பதால் அந்தக் கிருமி சாவதில்லை, நன்றாகச் சூடேறினால்தான் சாகும். நாம் வாங்கும் நக்கெட்ஸிலும் கார்ன் பால்ஸிலும் அதே மாதிரி சோளமும் பட்டாணியும்தான் இருக்கின்றன.

*மெஷினே சூட்டைக் கூட்டிக் கொடுக்கிறது.* மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் எல்லாப் பொருளும் கருகினால் மட்டுமே இந்தச் சந்தேகம். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டரைக் கூடையில் வைத்து 180 டிகிரியில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். பத்து, பதினைந்து டிகிரி கூடக்குறைய இருப்பது சகஜம். எப்போது பார்த்தாலும் 30, 40 டிகிரி அதிகம் காட்டினால் சென்சாரோ தெர்மோஸ்டாட்டோ பழுது. இனி சர்வீஸ் சென்டர் வேலை.

## அறிகுறி: மொறுமொறுப்பே வரவில்லை

இந்தப் புகார்தான் அதிகம் வருகிறது. எப்போது, எங்கே நமுத்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

### முழுக்கத் துவண்டு, ஈரமாக இருந்தால்

கூடையில் அளவுக்கு மீறிப் போட்டிருப்பீர்கள். நாலு பேர் வீட்டில் ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் புரிகிறது, ஆனால் பொருளைச் சுற்றிக் காற்று ஓட வழியில்லை என்றால் அது பொரியாது, தன் ஆவியிலேயே வேகும். கட்லெட், டிக்கி, நக்கெட்ஸ் எல்லாம் ஒரே அடுக்கு, ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி. ஃப்ரைஸ் மட்டும் கூடையில் பாதி உயரம் வரை போகலாம், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நன்றாகக் குலுக்க வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரே வழி: அடுத்த ஈட்டில் பாதி அளவு மட்டும் போடுங்கள். அது மொறுமொறுவென்று வந்துவிட்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

அளவு சரி என்றால் அடுத்தது பனித்தூள். பழைய பாக்கெட்டில் துண்டுகளைச் சுற்றி வெள்ளையாக ஐஸ் பூத்திருக்கும். அதை அப்படியே கொட்டினால் அத்தனையும் தண்ணீராகி மேல்மாவை ஊறவைத்துவிடும். வடிதட்டில் போட்டு நாலு உதறு உதறி, ஐஸ் தூளைக் கீழே விட்டுவிட்டுப் போடுங்கள். இதற்காக வெளியே எடுத்து உருகவைக்க வேண்டாம். உருகினால் பிரெட் தூள் பூச்சு ஊறி, கையோடு வந்துவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராகக் கூடைக்கு, அவ்வளவுதான்.

மூன்றாவது, கூடை சூடேறும் முன்னே பொருளைப் போட்டுவிடுவது. 180 டிகிரியில் 3 முதல் 5 நிமிடம் காலியாக ஓடவிட்டு, பிறகு போடுங்கள். போட்டதும் சொய்ங் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும்.

ஃப்ரைஸில் உப்பை முன்னாடியே போடுபவர்களும் இருக்கிறார்கள். உப்பு நீரை இழுத்துவிடும். எடுத்த பிறகு தூவுங்கள்.

### அடிப்பக்கம் மட்டும் நமுத்திருந்தால்

சிலிகான் கிண்ணம், அலுமினியத் தாள், பட்டர் பேப்பர் எதையாவது அடியில் விரித்திருப்பீர்கள். கழுவும் வேலை மிச்சம் என்று இப்போது எல்லோரும் சிலிகான் கிண்ணம் வாங்குகிறார்கள். ஈரமான மசாலாக் காய்களுக்கு அது சரி. ஃப்ரோசன் ஸ்நாக்ஸுக்கு அதை எடுத்துவிடுங்கள். அடியிலிருந்து காற்று வராவிட்டால் அடிப்பக்கம் மொறுமொறுக்காது. பேப்பர் கட்டாயம் வேண்டும் என்றால் ஓட்டை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். காலியாகச் சூடேற்றும்போது அதை உள்ளே வைக்கவே கூடாது. மேலே விசிறி இழுக்கும் வேகத்தில் பறந்துபோய்ச் சூட்டுக் கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கும். அதன் மேல் பொருளின் கனம் இருக்கும்போது மட்டும்தான் பேப்பர்.

### எடுத்தபோது நன்றாக இருந்து, ஐந்து நிமிடத்தில் நமுத்தால்

மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. சுடச்சுட எடுத்து ஹாட் பாக்ஸில் போட்டு மூடினாலோ, எவர்சில்வர் தட்டில் குவித்தாலோ உள்ளிருந்து வரும் ஆவி போக இடமில்லாமல் மேல்மாவில் இறங்கும். கம்பி ஸ்டாண்டு அல்லது வடிதட்டு மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, இரண்டு நிமிடம் விட்டுப் பரிமாறுங்கள். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் மூடாமலே வைத்தாலும் சீக்கிரம் நமுக்கும். அப்போது இரண்டு தடவையாகப் போட்டு எடுப்பதுதான் வழி. முதல் ஈடு ஆறிவிட்டால், கடைசி ஈடு முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து 180 டிகிரியில் 2 நிமிடம் ஓட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். சேர்த்துச் சூடேற்றும்போது மட்டும் கொஞ்சம் நெருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, ஈரம் ஏற்கெனவே போயிருக்கும்.

### காலையில் சரியாக வருகிறது, சாயங்காலம் வரமாட்டேன் என்கிறது என்றால்

இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது. சூட்டுக் கம்பியின் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும். 230 வோல்ட்டில் 1500 வாட்ஸ் தரும் மெஷின், 180 வோல்ட்டில் சுமார் 920 வாட்ஸ்தான் தரும். சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. விசிறியும் மெதுவாகும். டிஸ்பிளேயில் 200 டிகிரி என்று எழுதியிருக்கும், உள்ளே அந்தச் சூடு இருக்காது. ஊருக்கு வெளியே புது லேஅவுட்களில், எல்லா வீட்டிலும் ஏசியும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் இது சாதாரணம்.

ஸ்டெபிலைசரிலோ இன்வெர்ட்டரிலோ வோல்ட் காட்டும் திரை இருந்தால் பாருங்கள். டியூப்லைட் மினுக்கினாலும், மிக்ஸி முனகிக்கொண்டு சுற்றினாலும் அதே கதைதான். தற்காலிகமாக அளவைப் பாதியாக்கி, நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். தினமும் 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அக்கம்பக்கத்து வீடுகளிலும் விசாரித்துவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குப் புகார் கொடுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் வயரிங்கில் தளர்ந்த இணைப்பு இருக்கலாம், எலக்ட்ரீஷியன் வர வேண்டும்.

## அறிகுறி: வெளுத்து, வறண்டு, கட்டையாக இருக்கிறது

சமோசா, ஸ்பிரிங் ரோல், பஃப்ஸ் மூன்றுக்கும் உரிய புகார். எண்ணெய்ச் சட்டியில் போட்டிருந்தால் பொன்னிறமாகக் குமிழ்விட்டிருக்கும் மைதா, இங்கே சுண்ணாம்பு பூசின மாதிரி திட்டுத்திட்டாக வெளுத்து நிற்கும். கடித்தால் பல் வலிக்கும்.

முதல் காரணம், பச்சை மாவுக்கு எண்ணெய் தடவாதது. 'ஏர் ஃப்ரையர்னா எண்ணெயே வேண்டாம்' என்று கடையில் சொல்லி விற்றிருப்பார்கள். பச்சை மைதாவுக்கு அந்தப் பேச்சு செல்லாது. ஒரு பெரிய சமோசாவுக்கு அரை டீஸ்பூன் போதும். பிரஷ்ஷால் எல்லா மடிப்பிலும், குறிப்பாக ஓரத்தின் தடித்த மடிப்பில், படும்படி தடவுங்கள். உறைந்த மாவில் எண்ணெய் சரியாக ஒட்டாது, வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால் மூன்று நிமிடம் ஓடவிட்டு, மேல்புறம் ஈரம் விட்டதும் வெளியே எடுத்துத் தடவினால் சீராகப் பிடிக்கும். திருப்பும்போது மறுபக்கத்துக்கு இன்னொரு தடவல். இந்த ஒரு மாற்றத்திலேயே பெரும்பாலான சமோசாப் புகார்கள் தீர்ந்துவிடுகின்றன. தடவிய இடம் எது, விட்ட இடம் எது என்று எடுத்ததும் மேலேயே தெரியும். பிரஷ் போன தடத்தில் பொன்னிறமும் சின்னச்சின்னக் கொப்புளமும் இருக்கும், விட்ட மடிப்பு சாக்பீஸ் நிறத்தில் நிற்கும்.

எண்ணெய் சரி, ஆனாலும் கட்டை என்றால் நேரம் அதிகம். காக்டெய்ல் சமோசாவுக்கு 175 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், ஸ்பிரிங் ரோலுக்கு 185 டிகிரியில் 10 முதல் 13 நிமிடம், பச்சை பஃப்ஸுக்கு 175 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் என்று ஆரம்பித்து, உங்கள் மெஷினுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். பஃப்ஸைப் பாதி வெந்த நிலையில் அடிக்கடி இழுத்துப் பார்க்காதீர்கள், எழும்பிய அடுக்கு அமுங்கிவிடும்.

மூன்றாவது, ஃப்ரீசரிலேயே உலர்ந்துபோன சரக்கு. பாக்கெட்டைப் பிரித்துவிட்டுக் கட்டாமல் வைத்தால் மாவின் ஓரங்கள் வெள்ளையாக வெடித்திருக்கும். இதை எண்ணெய் காப்பாற்றாது. தண்ணீரில் நனைத்த கையால் லேசாகத் தடவி எண்ணெய்ச் சட்டியில் போடலாமா என்றால், வேண்டாம். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தெறிக்கும். ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சுட்டுச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.

ஃப்ரோசன் மோமோவை இந்த மெஷினில் போட்டுவிட்டுத் தோல்போல் இருக்கிறது என்று வருத்தப்படுகிறார்கள். அதற்கு இட்லிப்பானைதான் சரியான பாத்திரம். வறுத்த மோமோ வேண்டுமென்றால் ஆவியில் வேகவைத்து, எண்ணெய் தடவி, அப்புறம் 5 நிமிடம் ஏர் ஃப்ரையரில் போடுங்கள்.

## அறிகுறி: ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெளுப்பு

பாதியில் திருப்பவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். டிக்கி, கட்லெட்டை இடுக்கியால் ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். கூடையைக் குலுக்கினால் அவை திரும்பாது, ஓரம்தான் உடையும்.

திருப்பியும் எப்போதும் அதே மூலையில் வெளுப்பு என்றால் பிரெட் சோதனை செய்யுங்கள். அடித்தட்டு மறையும்படி பிரெட் துண்டுகளைப் பரப்பி, பறக்காமல் இருக்க மேலே ஒரு கம்பி ஸ்டாண்டு வைத்து, 180 டிகிரியில் 4 நிமிடம். எடுத்துப் பார்த்தால் எங்கே சூடு அதிகம், எங்கே குறைவு என்று பிரெட்டிலேயே படம் விழுந்திருக்கும். எல்லா மெஷினிலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பாதியில் ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும், நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றினால் போதும். ஒரு பாதி முழுக்கவே வெள்ளையாக இருந்தால் விசிறி இறக்கையில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது விசிறி சரியாகச் சுற்றவில்லை. கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

ஃப்ரைஸில் சிலவற்றின் நுனி மட்டும் பழுப்பாக இருந்தால் அது கிழங்கில் இருக்கும் சர்க்கரை. மெஷின் காரணமில்லை. ஆனால் மொத்தமும் பழுப்பாகும்வரை விடாதீர்கள். மாவுச்சத்துள்ள பொருள் 120 டிகிரிக்கு மேல் சிவக்கச் சிவக்க அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுகிறது. பொன்மஞ்சளில் எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: வெடித்துப் பூரணம் வெளியே வருகிறது

சீஸ் கார்ன் நக்கெட்ஸ்தான் இதில் முதலிடம். நேரம் ஒரு நிமிடம் கூடினாலே சீஸ் வழிந்து தட்டில் ஓடும். 180 டிகிரியில் 7 நிமிடம் வைத்துவிட்டு, அதன்பின் நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். எங்கேயாவது ஓர் ஓரத்தில் சின்னப் பொட்டாகச் சீஸ் தலைகாட்டினால் உடனே நிறுத்தி வெளியே எடுங்கள், உள்ளே வெந்துவிட்டது. எடுத்த சூட்டோடு குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். மேல்தோல் ஆறியிருந்தாலும் உள்ளே சீஸ் நாக்கைப் பொசுக்கிவிடும்.

போடும் முன்பே கீறல் விழுந்த துண்டுகளைத் தனியாகப் பொறுக்கி வையுங்கள், அவை தோசைக்கல்லுக்கு. ரோல், சமோசாவை மடிப்பு கீழே இருக்கும்படி படுக்கவையுங்கள்.

வீட்டில் செய்து உறையவைத்த கட்லெட் உடைந்தால் உருளைக்கிழங்கில் ஈரம் அதிகம் என்று பொருள். அடுத்த முறை கிழங்கை வேகவைத்து முழுதாக ஆறவிட்டுப் பிசையுங்கள், கொஞ்சம் பிரெட் தூளோ அவலைப் பொடித்தோ சேருங்கள். தட்டில் ஒட்டாமல் பரப்பி முதலில் உறையவைத்து, கல்லான பிறகு டப்பாவில் அடுக்குங்கள்.

## அறிகுறி: தட்டில் ஒட்டிக்கொண்டு பூச்சு உரிகிறது

சூடேறாத தட்டில் போட்டது, அல்லது போட்ட இரண்டு நிமிடத்திலேயே அசைக்கப் பார்த்தது, இரண்டில் ஒன்று. மேல்மாவு இறுகிவிட்டால் தானாகவே தட்டை விட்டுவிடும், ஐந்து நிமிடமாவது பொறுங்கள். தட்டில் ஒரு சொட்டு எண்ணெயைத் துணியால் தேய்த்துவிட்டுப் போடுவதும் உதவும்.

தட்டே பிசுபிசுவென்று பழுப்பாக இருந்தால் பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது. ஆறிய பிறகு சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் விட்டு, மெத்தென்ற பஞ்சால் தேயுங்கள். கம்பி நார் கூடாது. கேஸ் டின்னில் வரும் குக்கிங் ஸ்பிரே இப்படி ஒட்டும் படலத்தை விட்டுச்செல்லும். கையால் அமுக்கும் ஸ்பிரே பாட்டிலில் உங்கள் எண்ணெயையே ஊற்றி அடித்துக்கொள்ளுங்கள்.

நான்ஸ்டிக் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து பொருளோடு வந்தால் அந்தக் கூடையை நிறுத்திவிடுங்கள். பல மாடல்களுக்குக் கூடை மட்டும் தனியாகக் கிடைக்கும். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கேட்டால் சரியானதைத் தருவார்கள்.

## அறிகுறி: புகை, வாடை

புது மெஷினில் முதல் சில தடவை பிளாஸ்டிக் வாடை வரும். ஜன்னலைத் திறந்துவைத்து 200 டிகிரியில் 15 நிமிடம் காலியாக ஓடவிட்டால் குறைந்துவிடும்.

*வெண்புகை* என்றால் எங்கோ எண்ணெயும் பிரெட் தூளும் எரிகின்றன. கூடையின் அடித்தட்டுக்குக் கீழே உதிர்ந்த தூளைக் கொட்டுங்கள். அதன்பிறகும் வந்தால் மேலே கம்பிச்சுருளில் எண்ணெய்ப் பிசுக்கு. பிளக்கைப் பிடுங்கி, முழுதாக ஆறவிட்டு, மெஷினைக் கவிழ்த்து, ஈரத்துணியாலோ மெத்தென்ற பிரஷ்ஷாலோ துடையுங்கள். துடைத்த ஈரம் காய்ந்த பிறகுதான் மறுபடி போட வேண்டும்.

*கரும்புகை* என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். கூடையை இழுக்காதீர்கள். புகை நிற்கும்வரை மூடியே இருக்கட்டும், காற்றுப் பட்டால் தீ எழும்பும். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடங்கிய பிறகு திறந்து, எரிந்தது உணவா, பேப்பரா என்று பாருங்கள். இரண்டும் இல்லை, வயர் கருகிய வாடை என்றால் மறுபடி சுவிட்ச் போடவே வேண்டாம், நேராக சர்வீஸ்.

மெஷினின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் 10 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சுவரோடு ஒட்டி, மேலே பிளைவுட் ஷெல்ஃபுக்கு அடியில் வைத்தால் சூட்டுக்காற்று திரும்ப உள்ளேயே போகும், ஷெல்ஃபும் நாளடைவில் கருகும்.

## அறிகுறி: சூடாகவில்லை, நடுவில் நிற்கிறது, டிரிப் ஆகிறது

லைட்டே எரியவில்லை: கூடை முழுதாக உள்ளே போயிருக்கிறதா? கூடை 'க்ளிக்' என்று உட்கார்ந்தால்தான் உள்ளிருக்கும் சின்ன சுவிட்ச் அமுங்கும். வழித்தடத்தில் ஒரு ஃப்ரைஸ் துண்டு சிக்கியிருந்தாலே போதும், மெஷின் ஓடாது. துடைத்துவிட்டு அழுத்தித் தள்ளுங்கள். அப்புறம் அதே பாயின்டில் வேறு ஏதாவது போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள்.

பிளக் சுடுகிறது: 1500 வாட்ஸ் மெஷின் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன 6 ஆம்பியர் பாயின்டிலோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ, கன்வெர்ஷன் பிளக்கிலோ போடாதீர்கள். கீசருக்குப் போட்டிருக்கும் பெரிய 16 ஆம்பியர் பாயின்ட் மாதிரியானதுதான் அதன் இடம். சுவிட்ச் போர்டு மஞ்சள் பூத்திருந்தாலோ, உருகிய வாடை வந்தாலோ, மெஷினைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை மெஷின் ஓடக் கூடாது. எர்த் இல்லாத பாயின்டில் தொடர்ந்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

கரண்ட் போன நேரத்தில் நிற்கிறது: சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்தப் பாரத்தைத் தாங்காது. அடுக்குமாடி ஜெனரேட்டரிலும் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று அளவு இருக்கும், அதைத் தாண்டினால் டிரிப் ஆகத்தான் செய்யும். கரண்ட் வரும்வரை காத்திருங்கள். பாதி வெந்ததை மறுபடி ஃப்ரீசரில் வைக்காமல் அடுப்பில் முடித்துவிடுங்கள்.

நல்ல கரண்டில் மெயின் டிரிப் ஆகிறது: இன்டக்‌ஷன் அடுப்பு, கீசரோடு சேர்த்து ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். தனியாக ஓட்டியும் டிரிப் ஆனால் உள்ளே மின்கசிவு இருக்கலாம். நேற்றுதான் கழுவினீர்கள் என்றால் மேல்பகுதியில் தண்ணீர் போயிருக்கலாம், ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு ஒரே ஒரு முறை முயலுங்கள். மறுபடி டிரிப் ஆனால் நிறுத்திவிடுங்கள்.

விசிறி சுற்றுகிறது, சூடு இல்லை: 200 டிகிரியில் 5 நிமிடம் காலியாக ஓடவிட்டுக் கூடையை இழுத்தால் முகத்தில் அனல் அடிக்க வேண்டும். வெறும் காற்று வந்தால் சூட்டுக் கம்பியோ, உள்ளிருக்கும் தெர்மல் ஃப்யூஸோ போய்விட்டது. அந்த ஃப்யூஸ் சின்னப் பொருள்தான், ஆனால் அது காரணமில்லாமல் போகாது. அளவுக்கு மீறிச் சூடேறியதால்தான் அறுந்திருக்கும். அதை நேரடியாக வயரால் இணைத்துக் கொடுக்கும் மெக்கானிக்கிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை சூடு ஏறினால் தடுக்க எதுவும் இருக்காது.

சூடு இருக்கிறது, விசிறி சுற்றவில்லை அல்லது கரகரவென்று உரசுகிறது: உடனே நிறுத்துங்கள். பறந்துபோன பேப்பர் துண்டோ ஸ்பிரிங் ரோல் தோலோ இறக்கையில் இருக்கிறதா என்று ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் மோட்டார்.

வாரண்டி இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், திறந்த அடையாளம் தெரிந்தால் இலவச சர்வீஸ் கிடைப்பது கஷ்டம். வாரண்டி முடிந்துவிட்டதென்றால் முதலில் பழுதுச் செலவு எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ஃப்யூஸ், கூடை சுவிட்ச், வயர் என்றால் தாராளமாகச் சரிசெய்யலாம். போர்டும் மோட்டாரும் சேர்ந்து போய், புது மெஷின் விலையில் பாதியைக் கேட்டால் பழையதில் பணம் போடாதீர்கள். கொடுக்கப் போகும்போது கூடையையும் அடித்தட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள், கூடை இல்லாமல் அங்கே மெஷினை ஓடவிட்டுப் பார்க்க முடியாது.